தோற்றவர் ரிட்ராக்டர் பிடிக்க வேண்டும்

மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் எலும்பு மருத்துவம் படிக்க இந்தக் கொல்கத்தாவுக்கு வந்து, ஹாஸ்டல் மெஸ்ஸின் கடுகெண்ணெயைச் சபித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், காறை எலும்பு முறிந்தால் பிளேட்டா, நெயிலா? ஒரே வரியில் சொல்லவும்." ஓய்வு பெற்ற டாக்டரிடம் ஒரே வரியில் பதில் கேட்கும் துணிச்சல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் வரும். எனக்குப் பவானிபூர் ஃபிளாட்டில் காலையில் செய்தித்தாள் படிப்பதையும், மாலையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று செக்ரட்டரியோடு சண்டை போடுவதையும் விட்டால் வேறு வேலை இல்லை. ஆகவே ஒரு வரிக்குப் பதில் ஒரு கதையாகவே சொல்கிறேன்.

முதலில், பரீட்சையில் எழுதக்கூடாத உண்மை ஒன்று. தோளையும் நெஞ்சையும் இணைக்கும் இந்த ஒல்லி எலும்பு, மனித உடம்பிலேயே வெட்கம் கெட்ட எலும்பு. அடிக்கடி முறியும், எப்படியோ ஒட்டிக்கொள்ளும். இரண்டு துண்டும் ஒரே அறையில் இருந்தாலே போதும், ஒட்டிவிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு பழைய கேலி உண்டு. துண்டுகள் ரொம்ப விலகாமல் இருந்தால் கையைக் கழுத்திலிருந்து துணியால் தொங்கவிடும் தூளியில் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். ரொம்ப விலகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தோளே குட்டையாகிவிட்டால் அப்போதுதான் கத்தியை எடுப்போம். எடுத்தவுடன் சண்டை தொடங்கும்.

பிளேட் கட்சி சொல்லும்: நீளமாகக் கீறி, எலும்பின்மேல் உலோகத் தகடு வைத்து ஸ்குரூ போட்டு முடுக்கினால் மறுநாளே எலும்பு ஆடாமல் நிற்கும். நெயில் கட்சி சொல்லும்: அவ்வளவு பெரிய கீறல் எதற்கு, சின்னத் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியை எலும்பின் உள்ளேயே செலுத்திவிடலாமே. பிளேட்காரன் நோயாளிக்குத் தோலுக்கடியில் தகடு தட்டுப்படும், கீறலுக்குக் கீழே கொஞ்சம் மரத்துப்போகும். நெயில்காரன் நோயாளிக்குக் கம்பியின் முனை நெஞ்சருகே குத்தும், எலும்பு நொறுங்கியிருந்தால் கம்பி பிடிக்கவும் பிடிக்காது. நான் படித்த வரையில், வருடம் ஒன்று போனபின் இரண்டு கட்சி நோயாளிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் கையைத் தூக்குகிறார்கள். ஆனால் இதையெல்லாம் சொன்னால் மருத்துவ மாநாடுகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச எதுவுமே இருக்காது.

இந்த ஊரின் குணம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எதை எடுத்தாலும் இரண்டு அணி. ஃபுட்பாலில் ஒரு கூட்டம் ஜெயித்தால் இறால் சமைக்கும், எதிர்க்கூட்டம் ஜெயித்தால் ஹில்ஸா மீன் சமைக்கும். எங்கள் டிபார்ட்மென்டிலும் அப்படியே ஆனது. பிளேட் கட்சிக்கு இறால், நெயில் கட்சிக்கு ஹில்ஸா. மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நான் இறால் கட்சிக்குத் தலைவன். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

ஹில்ஸா கட்சிக்குத் தலைவர் நிகில்தா, அதாவது நிகில் அண்ணா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், பாலிகஞ்சில் தாத்தா கட்டிய வீடு, கையில் எப்போதும் ஒரு ஜர்தாப் புகையிலை டப்பா. என் பெயரை 'ஷுந்தொரம்' என்றுதான் கூப்பிடுவார். நான் ஒரு கருத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அதற்கு எதிர்க்கருத்து அவரிடம் தயாராக இருக்கும். ஒருநாள் வேண்டுமென்றே, "இன்னிக்கு மழை வரும் போலிருக்கு" என்றேன். வெளியே ஏற்கெனவே தூறிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் மழையா?" என்றார். அந்த அளவுக்கு.

எங்கள் இருவரையும் மேய்த்த பழைய டிபார்ட்மென்ட் தலைவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. அவர் தூளிக் கட்சி. யார் எதைக் கேட்டாலும், "கையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பு, கடவுளுக்கும் கொஞ்சம் வேலை கொடு" என்பார். எங்கள் சண்டை தாங்காமல் அவர்தான் அந்த விதியைப் போட்டார். ஒரு கேஸில் இரண்டு பேருக்குக் கருத்து வேறுபாடு வந்தால் எல்லோர் முன்னாலும் வாதாட வேண்டும். வாதத்தில் தோற்றவர் ஆபரேஷனில் எதிர்ப்பக்கம் நின்று, ஜெயித்தவருக்கு அசிஸ்டென்டாக ரிட்ராக்டர் பிடிக்க வேண்டும். ரிட்ராக்டர் என்றால் கீறலை விரித்துப் பிடிக்கும் கொக்கி, சாதாரணமாகப் பயிற்சிக்கு வந்தவர்களின் வேலை. தலை நரைத்த சர்ஜன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க மாணவர்கள் சுவரோரம் வரிசை கட்டுவார்கள்.

எதற்கு இந்த அவமானம் என்று ஒருமுறை கேட்டேன். "வெளியே நிறுத்தினா நீ கேன்டீன்ல உட்கார்ந்து அவன் தோத்துப் போகணும்னு வேண்டிக்குவே. உள்ளே நின்னா உன் கையிலயும் ரத்தம் இருக்கும். அப்புறம் வேண்டிக்க முடியாது" என்றார். அவர் ஓய்வு பெற்றுப் போனபிறகும் அந்த விதியை நாங்கள் எடுக்கவில்லை. எதிரியை அசிஸ்டென்டாகப் பார்க்கும் சந்தோஷத்தை விட இரண்டு பேருக்கும் மனமில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில், ரதயாத்திரை அன்று மத்தியானம், புச்கி வந்து சேர்ந்தாள். ஆதாரில் பார்வதி. புச்கி என்பது வங்காளிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்த செல்லப் பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா திருநெல்வேலிப் பக்கம். பெண் பிறந்து வளர்ந்தது கிடர்பூரில், வேலை ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில். தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனபோது, டிராம் ஓடுவதை நிறுத்தியும் யாரும் பெயர்த்து எடுக்காத தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடது காறை எலும்பு நடுவில் முறிந்து, துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. தூளிக்கு இடமில்லை.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் கேட்ட முதல் கேள்வி: "காக்கு, புஜோவுக்கு மேளம் தூக்க முடியுமா?"

காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. அவள் டாக் வாசிப்பவள். புஜோ என்கிற துர்கா பூஜைப் பந்தல்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள், அந்தப் பெரிய மேளம். இடது தோளில் பட்டையை மாட்டித் தொங்கவிட்டு இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள். கிடர்பூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள், இவள்தான் அதன் தலைவி. பாலிகஞ்சில் ஒரு பெரிய பந்தலுக்கு அந்த வருடம்தான் முதன்முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடும்போதே கமிட்டியில் ஒருவர், பொம்பளைப் பிள்ளைகளால் நாலு நாள் தாக்குப்பிடிக்க முடியுமா என்று இழுத்தாராம். தலைவியே தோள் ஒடிந்து உட்கார்ந்தால், பழைய ஆண்கள் குழுவுக்கே அழைப்பு போய்விடும். ஒருமுறை போனால் அடுத்த வருடம் திரும்பி வராது. இதை அவள் பாதி வங்காளத்திலும் பாதித் தமிழிலும் சொன்னாள்.

அம்மாவுக்கு வேறு கவலை. "டாக்டரய்யா, இவ கெடக்கா, கொட்டு அடிக்கப் போறேன்னு நிக்கா. தை பொறந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரவ பாக்க வாராவ. கழுத்துகிட்ட இம்புட்டு நீளத்துக்குத் தழும்பு இருந்தா என்ன நெனைப்பாவ? தெரியாத மாதிரி செஞ்சு குடுங்க."

"மா, சுப் கரோ தோ, சும்மா இரு! தழும்பைப் பார்த்துட்டு ஓடறவன் ஓடட்டும். காக்கு, பட்டை சரியா இங்கதான் உட்காரும்," என்று வலது கையால் முறிந்த இடத்துக்கு நேர் மேலே காட்டினாள். "இங்க வலிச்சா நான் முடிஞ்சேன்."

அந்த வாரம் வாதம் நடந்தது. புச்கியும் அம்மாவும் முன்வரிசையில். நான் எழுந்து, மேளத்தின் கனம் தோளில் இறங்கும், எலும்பு சீக்கிரம் உறுதியாக வேண்டும், தகடுதான் தாங்கும் என்றேன். நன்றாகவே பேசினேன். நிகில்தா டப்பாவைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். "ஷுந்தொரம் சொல்றது சரிதான். தகடு தாங்கும். பட்டைக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு இரும்பை வச்சு அது மேல மேளத்தைத் தொங்கவிடலாம். நாலு நாள்ல தோல் கிழியும், அவ்வளவுதான்." எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்ரேயில் முறிவு சுத்தமாக, நொறுங்காமல் இருந்தது. நெயிலுக்குத் தோதான முறிவு. புச்கி நெயில் என்றாள், தழும்பு சின்னதாக இருக்கும் என்று கேட்டதுமே அம்மாவும் நெயில் என்றார். நான் தோற்றேன்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கம்பி நுழையாவிட்டால் தகடு வைக்க நேரலாம் என்று முன்கூட்டியே விளக்கிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். எந்தக் கட்சியில் இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். எதிர்க்கட்சிக்கும் ஒரு நாற்காலி போட்டு வைப்பது ஜனநாயகத்துக்கு நல்லதோ இல்லையோ, ஆபரேஷன் தியேட்டருக்கு நல்லது.

ஆபரேஷன் நாளன்று தியேட்டரில் கூட்டம். மாணவர்கள், இரண்டு மூன்று ஹவுஸ் ஸர்ஜன்கள், வேலையே இல்லாத ஒரு மயக்க மருந்துக்காரர் வேறு. யாரும் புச்கியைப் பார்க்க வரவில்லை, நான் கொக்கி பிடிப்பதைப் பார்க்க வந்தவர்கள். நிகில்தா மிக மரியாதையாக, "டாக்டர் ஷுந்தொரம், தயவுசெய்து கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

தொடக்கம் அழகாக இருந்தது. நெஞ்சருகே சின்னத் துளை, எக்ஸ்ரே திரையில் கம்பி மெதுவாக முறிவு வரை வந்தது. அங்கே நின்றது. வெளித்துண்டுக்குள் நுழைய மறுத்தது. நிகில்தா இழுத்தார், திருப்பினார், மறுபடி தள்ளினார். நுழையவில்லை. இது சாதாரணம்தான். முறிந்த இடத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டு, துண்டுகளைக் கண்ணால் பார்த்துப் பொருத்தி, மறுபடி தள்ளினார். நான் கொக்கியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கண்டேன். வெளித்துண்டின் அடிப்பக்கத்தில், அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாத பக்கத்தில், முடி போல ஒரு விரிசல். ஒவ்வொரு தள்ளலுக்கும் அது கொஞ்சம் வாய் திறந்தது. எக்ஸ்ரேயில் எங்கேயும் தெரியாத விரிசல்.

அந்த எலும்புக்குப் பின்னாலும் அடியிலும் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள், நரம்புக் கற்றை, நுரையீரலின் உச்சி. இன்னும் ஒரு பலமான தள்ளல் என்றால் எலும்பு பிளக்கும், கம்பி பின்பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு தூரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேளம் அடிக்கும் கைக்குப் போகும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. ஒரு பெண் புஜோவுக்கு மேளம் தூக்குவாளா என்ற கேள்வி, அவள் அந்தக் கையால் சோறாவது அள்ளுவாளா என்ற கேள்வியாக மாற ஒரு நொடி போதும்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? "சார், விரிசல் இருக்கு, நிறுத்துங்க" என்பீர்கள். நியாயம். ஆனால் உங்களுக்கு நிகில்தாவைத் தெரியாது. அவர் நெற்றியில் வியர்வை, கண்ணில் வீம்பு. சுவரோரம் அத்தனை பேர். எதிரே நான், இறால் கட்சித் தலைவன். நான் "நிறுத்துங்க" என்று சொல்லி அவர் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. டீயில் சர்க்கரை போதும் என்று நான் சொன்னால்கூட இன்னும் ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்ளும் மனிதர்.

நான் சொன்னேன்: "நிகில்தா, இன்னும் கொஞ்சம் பலமா தள்ளுங்க. போயிடும்."

சொல்லிவிட்டு, கொக்கியிலிருந்து ஒரு கையை மெல்ல எடுத்து அவர் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தள்ளினால் பிடித்துவிடலாம் என்று. அவர் கை நின்றது. முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. ஒரு கணம்தான். பிறகு கம்பியை வெளியே உருவிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இவன் பேச்சைக் கேட்டு நான் என்னிக்கு உருப்பட்டிருக்கேன்? சிஸ்டர், பிளேட் செட் கொண்டு வா" என்றார். சுவரோரம் ஒரே சிரிப்பு. மாணவர்களுக்கு அன்றைக்கு இரட்டைக் கொண்டாட்டம்: ஹில்ஸா கட்சித் தலைவர் தகடு வைப்பதையும் பார்த்துவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரு கர்வம். பார்த்தாயா, எப்படிக் காலை வாரினேன் என்று.

இதை நீங்கள் யாரும் செய்து பார்க்காதீர்கள். எதிராளியின் வீம்பை அளந்து வைத்திருக்கப் பல வருடங்கள் வேண்டும். அளவு தவறினால் அவர் தள்ளியே விடுவார்.

அடுத்த வேடிக்கை உடனே நடந்தது. தகட்டை நான் எப்போதும் எலும்பின் மேல்பக்கத்தில் வைப்பேன். கை வாட்டமாக இருக்கும், எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். நிகில்தா கீறலை நீட்டி, எலும்பைச் சுத்தம் செய்து, தகட்டைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அதை வளைத்து, எலும்பின் முன்பக்கமாக, கொஞ்சம் கீழே தள்ளி வைத்தார். அந்த வழி எனக்கும் தெரியும், சோம்பேறித்தனத்தால் செய்வதில்லை. விரிசலைச் சேர்த்து முடுக்கி, ஸ்குரூக்களை முன்னாலிருந்து பின்னால் போட்டார். எலும்பின் மேல்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. பட்டை உட்காரும் இடத்தில் இரும்பே இல்லை. நான் கொக்கியைப் பிடித்தபடி, ஆஹா, என்ன தீர்க்கதரிசனம், பட்டையை மனதில் வைத்தே செய்கிறாரே என்று வியந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிர்க்கட்சியைப் பாராட்ட நான் என்ன சம்பளமா வாங்குகிறேன்?

வெளியே போய் அம்மாவிடம் தழும்பு கொஞ்சம் நீளம் என்று சொன்னது நான்தான், நிகில்தா கையைக் கழுவப் போய்விட்டார். "கை அசையுதா?" என்றார் அந்த அம்மா. அசைக்கிறாள் என்றேன். "அப்பம் சரி. தழும்புக்கு ஒரு சீலை போதும்," என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. புச்கி சொல்பேச்சுக் கேட்காத நோயாளி. கையைத் தூக்காதே என்றால் தூக்குவாள், எலும்பு கூடும் வரை மேளத்தைத் தொடாதே என்றால், வாசலில் தகர டப்பாவை வலக்கையால் அடித்துக் குழுவுக்குத் தாளம் சொல்லிக்கொடுப்பதாக அம்மா கோள் சொல்வார். ஆனாலும் எக்ஸ்ரேக்கு எக்ஸ்ரே எலும்பு கூடிக்கொண்டே வந்தது. புஜோவுக்கு முந்தைய அமாவாசையான மஹாளயா நெருங்கியபோது நாங்கள் இருவருமே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே நேரத்தில் தலையாட்டினோம். மேளத்தை மாட்டிக்கொள்ளலாம், வலித்தால் உடனே இறக்க வேண்டும், அடுத்தவளோடு மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

அஷ்டமி மாலை ஆரத்திக்கு அந்தப் பாலிகஞ்ச் பந்தலுக்கு நான் போனேன். நிகில்தாவும் வந்திருந்தார், பக்கத்துத் தெருதானே. புதுக் குர்தா, தலைக்கு எண்ணெய். சிவப்புக் கரை போட்ட சேலையில் பெண்கள் வரிசையாக வந்தார்கள், முன்னால் புச்கி. இடது தோளில் பட்டை. கழுத்தோரம் தழும்பு நன்றாகவே தெரிந்தது, அவள் மறைக்கவும் இல்லை. முதல் அடி விழுந்ததும் பந்தலின் மூங்கிலெல்லாம் அதிர்ந்தது. நான் மேளத்தைக் கேட்கவில்லை, பட்டைக்குக் கீழே அவள் முகம் சுளிக்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கவில்லை. தூபப் புகையில் மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் துடைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

அந்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? இவ்வளவு நாளாக மனதில் பொத்தி வைத்திருந்த கர்வத்தை இறக்கிவைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். மேளச் சத்தத்தில் நிகில்தாவின் காதருகே வாயை வைத்துக் கத்தினேன். "நிகில்தா, அன்னிக்குத் தியேட்டர்ல நான் தள்ளுங்கன்னு சொன்னேனே, ஏன்னு தெரியுமா? அடியில விரிசல் இருந்தது. நான் நிறுத்துன்னா நீங்க தள்ளுவீங்க, தள்ளுன்னா நிறுத்துவீங்க. அதான் உங்களை ஏமாத்தினேன்!"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என் காதைப் பிடித்து இழுத்துக் கத்தினார். "ஆரே பாபா, நீ என்னை ஏமாத்தினேன்னா இவ்வளவு நாளா நினைச்சிட்டிருக்கே? உன்னோட நான் எத்தனை வருஷமா வேலை செய்யறேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நெயிலைத் தள்ளுன்னு உன் வாயிலேர்ந்து வந்திருக்கா? நீ அப்படிச் சொன்னதுமே உன் பக்கத்துல ஏதோ பெரிய கோளாறு, பசங்க முன்னால சொல்ல முடியாம முழிக்கறேன்னு புரிஞ்சுபோச்சு. அதான் நிறுத்தினேன்."

"சரி, நேரா நிறுத்துங்கன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். புச்கியைப் பார்த்தார். "தள்ளியிருப்பேன்," என்றார். "சத்தியமா தள்ளியிருப்பேன், ஷுந்தொரம்."

எதிரே அந்தப் பெண் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடக்கையை அவளுக்கு மிச்சம் வைத்தது எங்கள் படிப்போ பேப்பர்களோ இல்லை. ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாக வெறுத்துப் பழகியிருந்ததால், ஒருவர் பொய் சொன்னதும் மற்றவருக்கு உண்மை கேட்டுவிட்டது. அவரிடம் எனக்கு அந்த நிமிடம் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மாற்றிப் பேசினேன். "எது எப்படியோ, தகட்டை முன்பக்கமா வச்சீங்களே, பட்டையை நினைச்சு, அது பிரமாதம். அதை ஒத்துக்கறேன்."

"பட்டையா? எந்தப் பட்டை?" என்றார் நிகில்தா. "மேல வச்சிருந்தா நீ மறுநாள் கேன்டீன்ல உட்கார்ந்து, நிகில் என் ஸ்டைல்ல செஞ்சான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பே. அதுக்குத்தான் முன்னால வச்சேன்."

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்கிறீர்களா? தகட்டை முன்னால் வைத்தது நல்ல தீர்ப்பு என்று நினைத்தேன், அது வெறும் கடுப்பு; கம்பியை நிறுத்தியது வெறும் கடுப்பு என்று நினைத்தேன், அதுதான் நல்ல தீர்ப்பு. உங்கள் கேஸ் நன்றாக முடிந்தால், நான் கெட்டிக்காரன் என்று உடனே எழுதிக்கொள்ளாதீர்கள், எதனால் நன்றாக முடிந்தது என்று எதிரே நின்றவரிடம் கேளுங்கள். எதிரே நிற்க உங்களோடு ஒத்துப்போகிறவரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆமாம் சாமி போடுகிறவன் பிடிக்கிற கொக்கியில் சதை விரியும், கண் விரியாது.

ஆரத்தி முடிந்து மேளங்கள் ஓய்ந்தன. புச்கி மேளத்தை நாற்காலியில் சாய்த்துவிட்டு வியர்வையோடு எங்களிடம் ஓடி வந்தாள். கமிட்டிக்காரர் அடுத்த வருடத்துக்கும் இப்போதே சொல்லிவிட்டாராம். பின்னாலேயே அவள் அம்மா ஒரு துண்டோடு. "எம்மா, கொஞ்சம் நில்லு, கழுத்தைத் தொடைச்சுக்க," என்று துரத்திக்கொண்டு வந்தார்.

"காக்கு, ஒரு சந்தேகம்," என்றாள் புச்கி தழும்பைத் தடவியபடி. "இந்தத் தகடு உள்ளேயே இருக்கலாமா? அடுத்த வருஷம் எடுத்துடணுமா?"

"இருக்கட்டும்," என்றேன் நான்.

"எடுத்துடணும்," என்றார் நிகில்தா, அதே நொடியில்.

"எதுக்கு எடுக்கணும்? நல்லாத்தானே இருக்கு?" என்று நான் திரும்பினேன். "ஷுந்தொரம், எலும்பு சேர்ந்ததுக்கு அப்புறம் உள்ளே இரும்பு எதுக்கு?" என்று அவர் குர்தாவின் கையை மடித்துக்கொண்டார். அவள் அம்மா துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, மறுபடியுமா?" என்றார்.

புச்கி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க பேசி முடிங்க காக்கு, அவசரமே இல்ல," என்றாள். திரும்பிப் போய், பட்டையை இடது தோளில் மாட்டி, மேளத்தைத் தூக்கிக்கொண்டு, அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.